முதல் வகுப்பில் அப்பா

(செங்கல்பட்டில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)



தோழர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு 'பொதுப் போக்குவரத்தும் சாதியும்'. என் முனைவர் பட்ட ஆய்வும் ஏறக்குறைய இதைச் சுற்றித்தான். ஆனால் ஆய்வேட்டைக் கொண்டுவந்து இங்கே வாசிக்கப் போவதில்லை. அதைப் படிக்கச் சம்பளம் வாங்குகிறவர்களே இன்னும் படித்து முடிக்கவில்லை. நான் பேசப் போவது ஒரு டிக்கெட்டைப் பற்றி.

போன வருடம் மாதக்கணக்கில் நிலுவையில் இருந்த ஆய்வு உதவித்தொகை ஒருநாள் மொத்தமாக வந்து விழுந்தது. முதலில் கடனை அடைத்தேன். மீதி இருந்ததில் அப்பாவை மதுரைக்கு அழைத்துப் போகலாம் என்று முடிவு செய்தேன். அங்கே எனக்கு ஒரு கருத்தரங்கு. அப்பாவுக்கு மதுரையைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. சென்னையிலிருந்து தெற்கே போகிற வேக ரயில்களில் ஒன்று. அதில் இரண்டு வகுப்புகள். சாதாரண சேர் கார், வரிசைக்கு ஐந்து பேர். எக்ஸிகியூட்டிவ், வரிசைக்கு நான்கு பேர், கட்டணம் ஏறத்தாழ இரு மடங்கு. கைப்பேசியில் அந்த இரண்டு கட்டங்களையும் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எக்ஸிகியூட்டிவ்வை அழுத்தினேன்.

விடுதி அறைத் தோழியிடம் சொன்னேன். சிரித்தாள். "முதல் வகுப்பில் போய் சாதி ஒழிப்புக் கட்டுரை வாசிக்கப் போறியா?" என்றாள். கிண்டல்தான், ஆனால் தைத்தது. சேர் காரில் போட்டிருந்தாலும் அது முன்னூறு ரூபாய் டிக்கெட் இல்லை. அப்புறம் எதற்கு எனக்குக் குற்ற உணர்ச்சி?

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ரயில்வேயில் கேங்மேன். இப்போது டிராக்மேன் என்கிறார்கள். பிறகு கீமேன் ஆனார். செங்கல்பட்டுக்குத் தெற்கே, பாலாற்றுப் பாலத்தை ஒட்டிய பகுதிதான் அவருடைய பீட். தினமும் சுத்தியலையும் ஸ்பேனரையும் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தின் மேலேயே நடந்து, தளர்ந்த சாவிகளைத் தட்டி இறுக்கிக்கொண்டே போவது வேலை. மழைக்காலத்தில் ராத்திரியில் விளக்கோடு நடக்க வேண்டும். அவருக்கு நிர்வாகம் பாஸ் கொடுக்கும், குடும்பத்தோடு போகலாம். அந்தப் பாஸுக்கும் வகுப்பு உண்டு. அதிகாரிக்கு முதல் வகுப்பு, கேங்மேனுக்கு இரண்டாம் வகுப்பு. நான் சிறுமியாக இருந்தபோது ஏதோ ஒரு ஸ்டேஷனில் முதல் வகுப்புப் பெட்டியின் கதவு திறந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்த வேகம் இன்னும் நினைவிருக்கிறது. அது யாருக்கோ பயந்து இழுத்தது. அந்தப் பெட்டி ஓடுகிற தண்டவாளத்தை இறுக்கியது அவர்தான்.

தாம்பரத்தில் ஏறினோம். அப்பாவுக்கு ஜன்னல் ஓரம். நான் பையை மேலே வைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்தார், நல்ல உடுப்பு, ஐம்பது வயது இருக்கும். தன் இருக்கை எண்ணைப் பார்க்கவே இல்லை. அப்பாவைப் பார்த்து, "ஏம்ப்பா, இது ரிசர்வேஷன் கோச்சு" என்றார். அப்பாவுக்கு அறுபத்தி மூன்று வயது.

அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

டிக்கெட் அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது. நான் கைப்பேசியில் வைத்திருந்தாலும், அவர் கேட்டாரே என்று அச்செடுத்துக் கொடுத்திருந்தேன். நாலாக மடித்து வைத்திருந்தார். அதை எடுத்துக் காட்டவில்லை. வேலைக்காலத்தில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர் முன்னால் எழுந்து நிற்பாரே, அந்த மாதிரி நின்றார். எனக்கு அந்த மனிதர் மேல் வந்த கோபத்தைவிட அப்பா மேல் வந்த கோபம் அதிகம். அதை இன்று உங்கள் முன் ஒத்துக்கொள்கிறேன். "அவர் இருக்கை சார் அது. உங்க நம்பரைப் பாருங்க" என்றேன். அவர் இருக்கை பின்வரிசையில் இருந்தது. "ஓ, சாரி. ரயில்வே பாஸா?" என்றார். இல்லை, காசு கொடுத்து வாங்கியது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, சமாதானம் செய்கிற தொனியில், பின்னாலிருந்து அடுத்த கேள்வி வந்தது. "சொந்த ஊரு?" செங்கல்பட்டுப் பக்கம் என்றார் அப்பா. "செங்கல்பட்டுல எங்க?" அப்பா ஊர்ப் பெயரைச் சொன்னார். "அந்த ஊரா, எனக்குத் தெரியுமே. ஊர்ல எங்க?"

இந்த மூன்றாவது கேள்வியை இங்கே விளக்க வேண்டியதில்லை. நீங்கள் எல்லோரும் அதைக் கேட்டிருப்பீர்கள், பதில் சொல்லாமல் தப்பிக்கவும் பழகியிருப்பீர்கள். அப்பா சொன்னார்: "ரயில்வே கேட்டுக்குக் கிழக்கால." முப்பத்தைந்து வருட சர்வீஸில் கற்ற பதில்.

இந்த டிக்கெட்டில் என்ன இருக்கிறது? பெயர், வயது, பெட்டி எண், இருக்கை எண். சாதி இல்லை. இது சின்ன விஷயம் அல்ல. நம் சமூகத்தில் சாதி கேட்காமல் இடம் கொடுத்த முதல் பொது இடங்களில் ரயில் பெட்டியும் ஒன்று. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியபோது அதில் பெட்டிகள் பிரிக்கப்பட்டது காசை வைத்துத்தான். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு, பிறகு சில இடங்களில் நடுவில் ஒரு 'இன்டர்' வகுப்பு. சாதிக்கொரு பெட்டி ஓட்டினால் கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது. அவ்வளவுதான் அதன் புரட்சி. மார்க்ஸ் 1853-ல் எழுதும்போது, ரயிலோடு வரும் நவீனத் தொழில் சாதிக்கு அடிப்படையான பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்த்தார். நூற்று எழுபது வருடம் ஆகிவிட்டது. தண்டவாளத்தைப் பராமரிக்கிற கேங்கில் யார் இருக்கிறார்கள், கழிவறையைக் கழுவுகிற ஒப்பந்தத் தொழிலாளர்கள் யார் என்று பார்த்தால், ரயில்வே அந்தப் பிரிவினையைக் கரைக்காமல் பணி நியமன உத்தரவாக மாற்றிக்கொண்டதும் தெரியும்.

ரயிலுக்குள் சாதி கேட்கவில்லை, சரி. இறங்கிய பிறகு? அம்பேத்கர் சிறுவனாக இருந்தபோது, 1901-ல், அண்ணனோடும் அக்கா மகனோடும் சாத்தாராவிலிருந்து அப்பாவைப் பார்க்க ரயிலில் போனார். நல்ல உடை, கையில் காசு, செல்லுபடியாகும் டிக்கெட். ரயிலில் ஒரு பிரச்சினையும் இல்லை. மசூர் ஸ்டேஷனில் இறங்கிக் காத்திருந்தார்கள், கூட்டிப்போக ஆள் வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் பரிவோடுதான் விசாரித்தார். மகர்கள் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. மாட்டுவண்டிக்காரர் ஒருவரும் ஏற்றிப்போகச் சம்மதிக்கவில்லை. இரட்டிப்புக் கூலி தருகிறோம் என்ற பிறகு ஒருவர் ஒத்துக்கொண்டார், அதுவும் பையன்களே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூட நடந்து வருவார் என்ற ஏற்பாட்டில். ராத்திரி முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. காசு பெட்டிக்குள் வேலை செய்தது, நடைமேடையில் செய்யவில்லை.

நம் ஊரிலும் அதே கதைதான். ரயிலில் கேட்காத சாதியைப் பேருந்தில் கேட்டார்கள். தனியார் பேருந்துகளில் ஆதி திராவிடர்களை ஏற்ற மாட்டோம் என்பது வெளிப்படையாகவே நடந்தது. ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமத்தையே ரத்து செய்வேன் என்று உத்தரவு போட்ட பிறகுதான் அங்கே வழிக்கு வந்தார்கள். இதே சௌந்தரபாண்டியன்தான் 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் இதே செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைப் போடக் கூடாது என்று தீர்மானம் போட்ட மாநாடு. இன்று நம் ரயில் டிக்கெட்டில் சாதிப் பெயர் இல்லாமல் நம் பெயர் மட்டும் அச்சாகிறதே, வட இந்திய நண்பர்கள் உன் 'சர்நேம்' என்ன என்று விழிக்கிறார்களே, அதில் அந்த இரண்டு நாளுக்கும் பங்கு இருக்கிறது. ஸ்டேஷனுக்குள்ளேயும் எல்லாம் சுத்தமாக இருக்கவில்லை. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. பெரியாரின் இயக்கம் எதிர்த்துப் போராடி 1941-ல்தான் அது ஒழிந்தது. ஒரே ரயிலில் வந்து இறங்கியவர்கள் ஒரே இட்லியைத் தனித்தனியாகச் சாப்பிட்டுவிட்டு அதே ரயிலில் ஏறியிருக்கிறார்கள்.

இடையில் ஒரு சொல்லைப் பற்றி. தமிழில் 'வகுப்பு' என்றால் ரயில் பெட்டி, பள்ளிக்கூட அறை, சாதிச் சமூகம் மூன்றுமே. 1928-ல் முத்தையா முதலியார் நடைமுறைக்குக் கொண்டுவந்தது வகுப்புவாரி உரிமை. அந்த வகுப்பும் ரயில் வகுப்பும் வேறு என்று அகராதி சொல்லும். என் அப்பாவை எழுப்பிவிட்ட மனிதரிடம் கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியவில்லை.

இனி தோழி கேட்ட கேள்விக்கு வருகிறேன். மேல் வகுப்பில் போவது துரோகமா?

காந்தி மூன்றாம் வகுப்பில் போனார். 1893-ல் தென்னாப்பிரிக்காவில் முதல் வகுப்பு டிக்கெட்டோடு இருந்தவரைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கீழே இறக்கிவிட்டார்கள். இந்தியா வந்த பிறகு அவர் மூன்றாம் வகுப்பைத் தேர்ந்தெடுத்தார். அந்தப் பெட்டிகளின் கேவலத்தைப் பற்றி 1917-ல் எழுதவும் செய்தார், எழுதியதெல்லாம் உண்மை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் ஏறியதும் அந்தப் பெட்டிக்கு மரியாதை வந்தது. என் தாத்தா அதே மூன்றாம் வகுப்பில் ஏறியபோது வரவில்லை. இறங்கி வருவதற்கு முதலில் மேலே ஓர் இடம் இருக்க வேண்டும். இல்லாதவர்களிடம் போய் எளிமையாக இருங்கள் என்று சொல்வதில் ஓர் அபத்தம் இருக்கிறது. அம்பேத்கரின் கோட்டு சூட்டைக் கேலி செய்தவர்களுக்கும் இதே பதில்தான். ஆகவே உதவித்தொகைப் பணத்தில் ஒரு தலித் மாணவி முதல் வகுப்பு டிக்கெட் எடுத்தால், தயவுசெய்து யாரும் அவளுக்கு வகுப்பு எடுக்க வராதீர்கள்.

அதற்காக இதை விடுதலை என்று நான் சொல்லத் தயாரில்லை. நம் தோழர்கள் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். விமானத்தில் போன படம், ஏசி கோச்சில் உட்கார்ந்த படம், கீழே 'ஜெய்பீம்'. அந்த சந்தோஷம் எனக்குப் புரிகிறது, நானும் அப்பாவைப் படம் எடுத்தேன். ஆனால் அந்த டிக்கெட் வாங்கிக் கொடுத்தது இருக்கையை மட்டும்தான். "ஊர்ல எங்க?" என்ற கேள்வியை அது நிறுத்தவில்லை. அந்தக் கேள்வி நம் ஊருக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. ஜப்பானில் 1964-லேயே ஷின்கான்சென் ஓடத் தொடங்கிவிட்டது. அதே ஜப்பானில் புராக்கு என்று ஒதுக்கப்பட்ட மக்கள் இருக்கிறார்கள். முகத்தையோ பெயரையோ வைத்து அவர்களைக் கண்டுபிடிக்க முடியாது, ஊரை வைத்துத்தான் முடியும். அவர்கள் வாழும் பகுதிகளின் பெயர்களைத் தொகுத்த பட்டியல்களை, வேலைக்கு ஆள் எடுக்கும்போது கழித்துக்கட்டுவதற்காகப் பெரிய நிறுவனங்கள் ரகசியமாக வாங்கி வைத்திருந்தது 1975-ல் அம்பலமானது. உலகத்தின் வேகமான ரயிலை ஓட்டியவர்களும் அச்சடித்து விற்றது அதே கேள்வியைத்தான்.

எனக்குப் பிடித்த முன்னுதாரணம் வேறு. 1974-ல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரை எடுத்துவிட்டு அதை இரண்டாம் வகுப்பு ஆக்கினார்கள். பலகைதான் மாறியது, மரப் பலகை இருக்கை அப்படியே இருந்தது. 1977-ல் சோசலிஸ்டான மது தண்டவதே ரயில்வே அமைச்சர் ஆனார். இரண்டாம் வகுப்பு மரப்படுக்கைகளின் மேல் இரண்டு அங்குல நுரை மெத்தை போட வைத்தார். அந்த டிசம்பரில் பம்பாய்க்கும் ஹவுராவுக்கும் இடையே கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் கிளம்பியது, வகுப்பே இல்லாத ரயிலாக. பிறகு வந்த அரசுகள் வகுப்பில்லாத ரயிலை மறந்துவிட்டன, மெத்தையை மட்டும் எடுக்க முடியவில்லை. நாமெல்லாம் ஸ்லீப்பரில் முதுகு வலிக்காமல் படுத்து வருவதற்கு அந்த இரண்டு அங்குலம் காரணம். யாரையும் மேலே ஏற்றிவிடவில்லை, கீழே இருந்ததை உயர்த்தினார்.

இப்போது நடப்பது இதற்கு நேர் எதிர். 2025 ஏப்ரலிலிருந்து கடற்கரை–செங்கல்பட்டுத் தடத்தில் ஏசி மின்சார ரயில் ஓடுகிறது. அது வந்தபோது வைத்த கட்டணம், குறைந்தபட்சம் 35 ரூபாய், கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை 105. சாதாரண ரயிலின் இரண்டாம் வகுப்பில் அதே தூரத்துக்கு 15 ரூபாய். ஏழு மடங்கு. ஏசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மே மாதம் சிங்கப்பெருமாள் கோயில் நடைமேடையில் நின்று பார்த்தவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு தண்டவாளத்தில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் வரும். அலுவலக நேரத்தில் அந்த ஏசி ரயில் வந்து நின்று போகும்போது, 15 ரூபாய்க்காரர்கள் நடைமேடையில் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பழைய முறையில் முதல் வகுப்புப் பெட்டி அதே ரயிலில் ஒரு மூலையில் இருந்தது. அதில் பாதி காலியாகவே போகும், கோபம் வரும், இருந்தாலும் எல்லோரும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தோம். இப்போது ரயிலே வகுப்பாகிவிட்டது. வந்தே பாரத்தும் அப்படித்தான். 2019-ல் முதல் வண்டி ஓடியது, செய்தது நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிலாளர்கள். அதில் முன்பதிவில்லாப் பெட்டி ஒன்றுகூடக் கிடையாது. ஜப்பானைப் பார் என்கிறவர்களுக்கு ஒரு தகவல். பல ஷின்கான்சென் ரயில்களில் முன்பதிவில்லாப் பெட்டிகள் உண்டு, ஸ்டேஷனுக்கு வந்து டிக்கெட் எடுத்து ஏறலாம்.

மாமல்லபுரத்திலிருந்து வந்திருக்கிற தோழர்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. "உங்களுக்கு எந்த வகுப்பு என்று சண்டை, எங்களுக்கு ரயிலே இல்லை" என்கிறீர்கள். உண்மை. கிழக்குக் கடற்கரை ரயில் பாதை பல வருடமாகக் காகிதத்தில்தான் ஓடுகிறது. உலகத் தலைவர்கள் வந்தால் அந்தக் கரைக்கு இரண்டே வாரத்தில் சாலை பளபளக்கும். பூஞ்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 அக்டோபரில் மாமல்லபுரம் கோயில் அன்னதானப் பந்தியில் உட்காரவிடாமல் தங்களை விரட்டியதாகப் பூஞ்சேரியைச் சேர்ந்த ஒரு நரிக்குறவர் பெண் காணொளியில் பேசினார். பிறகு அமைச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார், முதலமைச்சரும் பூஞ்சேரிக்கு வந்தார். அடுத்த வருடம் அதே பூஞ்சேரியில்தான் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. அந்தப் பெண் அன்று கேட்டது பந்தியில் ஓர் இடம். இலவசச் சோற்றுக்கும் முதல் பந்தி, மிச்சம் இருந்தால் உனக்கு என்று இரண்டு வகுப்பு வைத்திருந்தார்கள்.

அதே வருடம் டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த ஒரு வயதான அம்மாவை, நாறுகிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. கட்டணத்தை அரசு எடுத்துவிட்டது, மூக்கைச் சுளிப்பது மிச்சம் இருந்தது. மாமல்லபுரம் கரையில் கூடை தூக்குகிற அம்மாக்களிடம் நாளைக்கு அந்தத் தடத்தில் ரயில் வந்தால் ஏறுவீர்களா என்று கேட்டேன். ஒரு அம்மா கேட்டார்: "ஏசி வண்டியா விடுவாங்க? ஜன்னல் தொறக்குமா?" கூடையோடு மூடிய பெட்டிக்குள் ஏறினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

செங்கல்பட்டில் நின்றுகொண்டு நிலத்தைப் பேசாமல் போக முடியாது. இந்த மாவட்டத்தின் கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையால்தான் அடுத்த வருடம் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. அந்த நிலம் கைமாறிப் போனதைக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று காரணை மக்கள் மேல் இதே ஊரில் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். நிலம் இருந்திருந்தால் எங்கள் ஊரில் பாதிப் பேர் விடியற்காலை லோக்கலைப் பிடிக்க ஓட வேண்டியதில்லை. எந்தப் பெட்டியில் ஏறுவது என்ற கேள்விக்கு முன்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. இதைத் தனியாக இன்னொரு நாள் பேச வேண்டும்.

அப்பா கதையை முடிக்கவில்லை. வண்டி பரனூரைத் தாண்டி, கொளவாய் ஏரி தெரிந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். செங்கல்பட்டு போனது. கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்துக்கொண்டு, "இதோ கேங் ஹட்டு", "இந்த வளைவுலதான் மழையில தரை உள்வாங்குச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாலாற்றுப் பாலம் வந்தது, போனது. கீழே ஓரமாக ஒதுங்கி நின்ற ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஒருவருக்குக் கையைக் காட்டினார். அந்த வேகத்தில், அந்தக் கண்ணாடியில், கீழே நின்றவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அவர் ஒரு நாள் முழுக்க நடந்த தூரம் நாலு நிமிடத்தில் முடிந்துவிட்டது. "அவ்ளோதானா?" என்றார்.

மதுரையில் இறங்கியபோது நான் மன்னிப்பு கேட்கிற மாதிரி, "வரும்போது சாதாரண வண்டியிலேயே வந்துடலாம்பா, யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்றேன். அப்பா என்னைப் பார்த்தார். "அங்க மட்டும் கேக்க மாட்டானா? வரும்போதும் இதுலயே போடு. இந்தத் தடவை நான் எந்திரிக்க மாட்டேன்" என்றார்.

என்னிடம் பணம் இல்லை. இரண்டு பேரும் முன்பதிவில்லாப் பெட்டியில்தான் திரும்பி வந்தோம், விழுப்புரம் வரை நின்றுகொண்டு. அடுத்த தவணை உதவித்தொகை இன்னும் வரவில்லை. வந்ததும் அவருக்கு அந்த டிக்கெட்டைப் போட வேண்டும். அதற்கு முன்னால், வேக ரயில்களில் முன்பதிவில்லாப் பெட்டி கேட்டும், நம் தடத்தில் ஏசி ரயிலுக்காகச் சாதாரண ரயிலைக் குறைக்கக் கூடாது என்றும் ரயில்வேக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். வாசலில் இருக்கிற மேசையில் இருக்கிறது. போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். கேள்விகள் இருந்தால் பேசலாம், கடைசி லோக்கலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.